கழுத்து நெறியில் ஓர் அரிய புற்று கண்டறியப்படும் விதம்

கழுத்தில் வலியில்லாத ஒரு கட்டி எழும்பி, ஒரு மாதம் கடந்தும் கரையாமல் நின்றால், கன்னியாகுமரி மாவட்டத்தில் எந்த மருத்துவரும் முதலில் நினைப்பது இரண்டு நோய்களைத்தான்: காசநோய், அல்லது வாயிலோ தொண்டையிலோ தொடங்கி, கழுத்து நெறிக்கு, அதாவது அங்குள்ள நிணநீர் முடிச்சுக்கு, இறங்கிய புற்றுநோய். இரண்டு ஐயங்களும் நியாயமானவை. இந்தியாவில் பெரியவர்களுக்குக் கழுத்து நெறி வீங்குவதற்கான காரணங்களில் காசநோய் முன்வரிசையில் இருக்கிறது. நுரையீரலுக்கு வெளியே அது மிகுதியாகத் தங்கும் இடமும் நிணநீர் முடிச்சுகளே. முந்தைய தலைமுறையினர் கண்டமாலை என்று சொன்னவற்றில் பெரும்பகுதி இதுவாகவே இருந்திருக்க வேண்டும். வாய்ப்புற்றுக்கும் இம்மாவட்டத்தில் பழைய பதிவு உண்டு. 1838இல் தொடங்கப்பட்ட நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் ஒருவர், திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்கு போடுபவர்களுக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி 1933இல் லான்செட் இதழில் எழுதினார். அக்கட்டுரையை ஆய்வாளர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆகவே கழுத்தைத் தடவிப் பார்த்தவுடன் வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரத்தையும் டார்ச் அடித்துப் பார்க்கும் மருத்துவர் சரியானதையே செய்கிறார்.

இந்த இரண்டுக்கும் அப்பால், பெரும்பாலான மருத்துவர்கள் தங்கள் பணிக்காலம் முழுவதிலும் ஒருமுறைகூடச் சந்திக்காத ஒரு புற்று இருக்கிறது. அதற்கு ஃபாலிகுலர் டென்ட்ரிட்டிக் செல் சார்கோமா என்று பெயர். அதுவும் பெரும்பாலும் கழுத்து நெறியிலேயே தொடங்குகிறது. 1986இல் மோண்டா, வார்ன்கி, ரோசாய் ஆகிய மூன்று நோய்க்கூறியல் மருத்துவர்கள், நான்கு நோயாளிகளின் நிணநீர் முடிச்சுகளில் கண்டதை வைத்து இதை முதன்முதலாக விவரித்தார்கள். இதைக் கண்டறியத் தேவையான முறைகள் அநேகமாக அந்தக் காலத்திலிருந்தே கைவசம் உள்ளன. ஆனாலும் இந்நோய் வேறு பெயர்களில் பலகாலம் நடமாடுவதற்குக் காரணம், பரிசோதனைக்குப் போதுமான திசு எடுக்கப்படாததும், எடுத்த திசுவில் உரிய சாயங்களைப் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றாததுமே என்று நான் கருதுகிறேன்.

இந்தச் செல்கள் செய்யும் வேலை தெரிந்தால் பிறகு வரும் பரிசோதனைகள் எளிதில் விளங்கும். நிணநீர் முடிச்சின் புறப்பகுதியில் ஃபாலிக்கிள் எனப்படும் உருண்டையான திரள்கள் உள்ளன. கிருமி ஒன்று உடலுக்குள் வரும்போது பி லிம்போசைட்டுகள் எனப்படும் வெள்ளையணுக்கள் அங்கே பெருகி, அக்கிருமியை இறுகப் பற்றக்கூடிய எதிர்ப்புரதம் எது என்று சோதித்துத் தேர்கின்றன. அந்தத் தேர்வு நடக்கும் இடத்தில், நீண்ட கிளைகளை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, கரையில் விரித்துப் போட்ட மீன்வலை போலப் பரந்து கிடப்பவை ஃபாலிகுலர் டென்ட்ரிட்டிக் செல்கள். எதிர்ப்புரதத்தோடு பிணைந்த கிருமித் துணுக்குகளை இவை விழுங்கிச் செரிப்பதில்லை. மேற்பரப்பிலேயே வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில், தாங்கி வைத்திருந்து பி செல்களுக்குக் காட்டுகின்றன. நோய் எதிர்ப்புப் பணியில் இருந்தாலும், லிம்போசைட்டுகளைப் போல இவை எலும்பு மஜ்ஜையில் பிறந்து இரத்தத்தில் வந்து சேர்பவை அல்ல. முடிச்சுக்குச் சட்டகமாக இருக்கும் இணைப்புத்திசுவின் வழியில் வந்தவை. ரால்ஃப் ஸ்டைன்மன் 1973இல் விவரித்து, அதற்காக 2011இல் நோபல் பரிசு பெற்ற டென்ட்ரிட்டிக் செல்கள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் வேறொரு குலம். இந்தப் பிறப்பு வேறுபாட்டைக் கணக்கில் கொண்டே, உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு வகைப்பாடு, ஃபாலிகுலர் டென்ட்ரிட்டிக் செல் சார்கோமாவை லிம்போசைட்டுகளிலிருந்து எழும் புற்றுகளான லிம்போமாக்களோடு சேர்க்காமல், நிணநீர்த் திசுவின் சட்டகத்திலிருந்து எழும் கட்டிகள் என்ற தனிப்பிரிவில் வைத்திருக்கிறது.

நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதற்கென்று தனி அடையாளம் எதுவும் கிடையாது. நடுவயதினரிடம், ஆண் பெண் என்ற பெரிய வேறுபாடு இல்லாமல், மெல்ல வளரும் வலியற்ற கட்டியாக வருகிறது. கழுத்தை விட்டால் அக்குள், நெஞ்சுக்கூட்டின் நடுப்பகுதி, டான்சில், வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகள் ஆகியவற்றிலும் தோன்றலாம். லிம்போமாவில் நாம் கேள்விப்படும் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல் ஆகியவை பெரும்பாலோருக்கு இருப்பதில்லை. சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார், கட்டி மட்டும் இருக்கிறது. கருங்கல்லிலோ தக்கலையிலோ இருக்கும் ஒருவர் இதற்காக ஒருநாள் கூலியை விட்டு மருத்துவமனைக்குப் போகத் தயங்குவதில் வியப்பில்லை. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாகி நான்கு முதல் ஆறு வாரம் வரை வற்றாத கழுத்து நெறி, வலியில்லை என்ற காரணத்துக்காகவே ஆராயப்பட வேண்டியது. காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் தோன்றும் நெறி என்றால் அந்த அளவு காத்திருக்கவும் கூடாது.

வழக்கமான முதல் பரிசோதனை எஃப்.என்.ஏ.சி., அதாவது மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து செல்களை உறிஞ்சி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்ப்பது. மக்கள் இதை ஊசி டெஸ்ட் என்பார்கள். செலவு குறைவு, படுக்கை தேவையில்லை, முடிவும் விரைவில் வரும். காசநோய்க்கும் வாயிலிருந்து பரவிய புற்றுக்கும் இது மிகவும் பயனுள்ள சோதனை. உறிஞ்சியதில் ஒரு பகுதியை சிபிநாட் கருவியில் இட்டால், காசநோய்க் கிருமியின் மரபுப்பொருள் இருக்கிறதா என்பதும், ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது அடங்குமா என்பதும் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஆனால் ஊசி தருவது சிதறிய செல்களை மட்டுமே. அவை முடிச்சுக்குள் எந்த அமைப்பில் நின்றன என்பது அதில் தொலைந்துபோகிறது. ஃபாலிகுலர் டென்ட்ரிட்டிக் செல் சார்கோமாவில் ஊசியில் வருவது, கதிர்வடிவச் செல்களின் கொத்துகளும் அவற்றினிடையே சிதறிய சிறு லிம்போசைட்டுகளும். அந்தக் காட்சி வேறு பல நோய்களுக்கும் பொருந்தும். கொத்துகள் போதுமான அளவு வராவிட்டால் லிம்போசைட்டுகள் மட்டுமே கண்ணில் படும். அறிக்கையில் ‘ரியாக்டிவ்’, அதாவது ஏதோ தொற்றுக்கு நெறி எதிர்வினை காட்டியிருக்கிறது, என்று எழுதப்படும். அந்தச் சொல்லைப் படித்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்புபவர்கள், கட்டி அப்படியே இருந்தால் அந்த அறிக்கை கேள்விக்கு விடை சொல்லவில்லை என்று கொள்ள வேண்டும்.

இன்னொரு வழியிலும் காலம் போகும். கிருமி எதுவும் காணப்படாத நிலையிலும், நம் நாட்டில் மிகுதியாக இருக்கும் நோய் என்பதால் காசநோய் மாத்திரையைத் தொடங்கிப் பார்க்கும் வழக்கம் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. நெறிக் காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். சிகிச்சையின் நடுவே கட்டி பெரிதானால் உடனே நோய் வேறு என்று முடிவு கட்டவும் முடியாது. உண்மையான காசநோயிலேயே, மருந்து வேலை செய்யும்போது உடலின் எதிர்வினை கூடி, நெறி சில காலம் வீங்குவது உண்டு. இதுதான் சிக்கல். மாத்திரை பலிக்கிறதா இல்லையா என்பதை வைத்து நோயைத் தீர்மானிக்கும் வழி இங்கே நம்பத்தகாததாகிறது. கிருமியோ, காசநோய்க்குரிய திசு மாற்றமோ காட்டப்படாமல் மருந்து தொடங்கியிருந்தால், இரண்டு மூன்று மாதத்தில் கட்டி சுருங்காதபோது முழு நெறியையும் எடுத்துப் பார்ப்பதே முறை. பெட் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. காசநோயும் புற்றும் இரண்டுமே அந்த ஸ்கேனில் ஒளிரும். நோய் எங்கெங்கே இருக்கிறது என்பதை அது சொல்லும். இன்ன நோய் என்று சொல்லாது.

எனவே நெறியை முழுதாக எடுக்கும் அறுவை பயாப்ஸிதான் கண்டறிதலின் அச்சாணி. மேலாக இருக்கும் கழுத்து நெறியை அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து எடுத்துவிட முடியும் என்றாலும், கழுத்தின் பக்கவாட்டில் தோளை உயர்த்தும் தசைக்குப் போகும் நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுவதால், அனுபவமுள்ள அறுவை மருத்துவர் கையில் நடப்பதே நல்லது. ஒன்றுக்கு மேற்பட்ட நெறிகள் இருந்தால், எளிதில் கைக்கு அகப்படும் சிறியதை விட, பெரியதும் அண்மையில் வளர்ந்ததுமான நெறியே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். நெறி ஆழத்தில் இருந்து அறுவை கடினமானால் தடித்த ஊசியால் இழைபோலத் திசுவை எடுக்கும் கோர் பயாப்ஸி இரண்டாம் நிலைத் தேர்வு.

நெறி வெளியே வந்த பிறகான முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றி நோயாளிகளிடம் யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுவே மிக முக்கியமாகத் தோன்றுகிறது. நெறி முழுவதையும் அப்படியே ஃபார்மலினில் போட்டுவிட்டால் காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்கும் வாய்ப்பு அதோடு முடிந்தது. ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். ஆகவே ஒரு சிறு துண்டு ஃபார்மலின் படாமல் சலைனில் கல்ச்சருக்கும் சிபிநாட்டுக்கும் போக வேண்டும். லிம்போமா ஐயம் இருந்தால் மற்றொரு துண்டு, செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு வகை பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு உயிருள்ள நிலையில் போக வேண்டும். எஞ்சியதை இரண்டாக வெட்டித் திறந்து, திசுவைப் போலக் குறைந்தது பத்து மடங்கு அளவுள்ள பத்து சதவீத ஃபார்மலினில் இட வேண்டும். முழு நெறியைச் சிறிய புட்டியில் அடைத்து அனுப்பினால், ஃபார்மலின் வெளிப்புறத்தை மட்டும் பதப்படுத்திவிட்டு உட்புறம் அழுகத் தொடங்கும். அந்தப் பகுதியில் பின்னால் எந்தச் சாயமும் நம்பகமாகப் பிடிக்காது. அறுவை அரங்கில் அன்று என்னென்ன புட்டிகள் ஆயத்தமாக இருந்தன என்பதைப் பொறுத்தே, ஓர் அரிய நோய் தன் பெயரைப் பெறுவதும் பெறாமல் போவதும் அமைகிறது.

பதப்பட்ட திசு மெழுகில் புதைக்கப்பட்டு பிளாக் ஆகிறது. அதிலிருந்து மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் சீவல்கள் எடுத்து, ஹெமடாக்ஸிலின், இயோசின் என்ற இரு சாயங்களில் தோய்த்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். ஃபாலிகுலர் டென்ட்ரிட்டிக் செல் சார்கோமாவில் நெறியின் இயல்பான அமைப்பு அழிந்து, கதிர்வடிவச் செல்கள் கட்டுக்கட்டாகவும் சுழல்சுழலாகவும் ஓடும்; செல்லுக்கும் செல்லுக்கும் இடையே எல்லை தெளிவாகத் தெரியாது. அவற்றின் நடுவே சிறு லிம்போசைட்டுகள் தூவப்பட்டு, இரத்தக்குழாய்களைச் சுற்றிக் கூடியும் நிற்கும். இந்தக் கடைசி அடையாளம்தான் அனுபவமுள்ள கண்ணை நிறுத்துகிறது. நிறுத்தாவிட்டால், பரவிவந்த கார்சினோமா, மெலனோமா, நரம்புறைக் கட்டி, தைமோமா, மூளையுறைக் கட்டியான மெனிஞ்சியோமா என்று பல பெயர்களில் ஏதேனும் ஒன்று அறிக்கையில் ஏறிவிடும். ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு சாயல் இதில் இருக்கிறது.

சாயலை விலக்கி உண்மையைக் காட்டுவது ஐ.எச்.சி. என்று ஆய்வகங்களில் சொல்லப்படும் இம்யூனோ ஹிஸ்டோ கெமிஸ்ட்ரி. ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப் பற்றும் எதிர்ப்புரதத்தைச் சீவலின் மேல் விட்டு, பற்றிய இடம் பழுப்பு நிறமாகத் தெரியும்படி செய்வது இதன் முறை. ஒரே வகை எதிர்ப்புரதத்தைக் கலப்பின்றி வேண்டிய அளவு உருவாக்கும் வழியை 1975இல் கோலரும் மில்ஸ்டீனும் கண்டறிந்ததால்தான் இது நாள்தோறும் நடக்கும் வேலையாயிற்று. ஃபாலிகுலர் டென்ட்ரிட்டிக் செல்லைக் காட்டிக்கொடுப்பவை முக்கியமாக அதன் மேற்பரப்பில் உள்ள மூன்று புரதங்கள்: சி.டி. 21, சி.டி. 23, சி.டி. 35. இவற்றில் 21ம் 35ம், கிருமித் துணுக்குகளைப் பற்றி வைத்திருக்க இச்செல் பயன்படுத்தும் ஏற்பிகளே. இயல்பான வேலைக்கு வைத்திருந்த கருவியைப் புற்றான பிறகும் செல் முழுவதும் விட்டுவிடுவதில்லை. ஆனால் சில கட்டிகளில் ஒன்றுமட்டும் பிடிக்கும், சிலவற்றில் திட்டுத்திட்டாகவே பிடிக்கும். அதனால் ஒரே சாயத்தை நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் போடுவதும், கிளஸ்டெரின், டி2-40, சி.எக்ஸ்.சி.எல். 13 ஆகியவற்றைத் துணைக்கு அழைப்பதும் வழக்கம். சாயம் சரியாக வேலை செய்கிறதா என்பதற்கு ஒப்புநோக்க இயல்பான டான்சில் திசுவை வைத்துக்கொள்வார்கள். அதில் ஃபாலிக்கிள்களின் வலை பழுப்பாகத் தெரிந்தால்தான் நோயாளியின் சீவலில் வந்த முடிவை நம்பலாம்.

எதிர்மறை முடிவுகளுக்கும் இதே எடை உண்டு. தோலிலும் உறுப்புகளின் உட்படலத்திலும் உள்ள செல்களின் புரதமான கெரட்டின் பிடிக்காதது, அத்தகைய செல்களில் எழும் கார்சினோமாவையும் தைமோமாவையும் விலக்குகிறது. மெலனோமாவுக்குரிய எச்.எம்.பி. 45, மெலன்-ஏ இரண்டும் பிடிக்கக் கூடாது. நெறியில் தோன்றும் பிற உறவுக் கட்டிகளையும் இதே முறையில் பிரிக்கிறார்கள்: எஸ் 100 பலமாகப் பிடித்து, சி.டி. 21, சி.டி. 1ஏ, லாங்கரின் மூன்றும் பிடிக்காவிட்டால் இன்டர்டிஜிட்டேட்டிங் டென்ட்ரிட்டிக் செல் சார்கோமா, சி.டி. 1ஏயும் லாங்கரினும் பிடித்தால் லாங்கர்ஹான்ஸ் செல் நோய், சி.டி. 163, சி.டி. 68, லைசோசைம் பிடித்தால் ஹிஸ்டியோசைட்டிக் சார்கோமா. இங்கேதான் நான் முன்பு சொன்ன இரண்டாவது தடை வருகிறது. கெரட்டினும் லிம்போமாவுக்கான சாயங்களும் எங்கும் முதலில் போடப்படுபவை, சி.டி. 21ம் 35ம் அப்படியல்ல. கெரட்டின் பிடிக்கவில்லை, லிம்போமாச் சாயங்களும் பிடிக்கவில்லை என்ற கட்டத்தில், ‘வகைப்படுத்த இயலாத கதிர்வடிவச் செல் கட்டி’ என்று எழுதி நிறுத்துவதா, இன்னும் நாலு சாயம் கேட்பதா என்பது சீவலைப் பார்ப்பவரின் நினைப்பைப் பொறுத்தது. கட்டி எத்தனை மாதமாக இருக்கிறது, காசநோய் மருந்து கொடுக்கப்பட்டதா, முன்பு எடுத்த பயாப்ஸியில் என்ன வந்தது என்பவற்றைக் கோரிக்கைச் சீட்டில் எழுதி அனுப்பும் அறுவை மருத்துவர், அந்த நினைப்புக்குப் பெரிய உதவி செய்கிறார். நம் சீட்டுகளில் பெரும்பாலும் ‘கழுத்து நெறி’ என்ற இரண்டு சொற்களே இருக்கும்.

முன்பு எடுத்த பயாப்ஸி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 1950களில் பெஞ்சமின் காசில்மன் விவரித்த காசில்மன் நோய் நிணநீர் முடிச்சு தீங்கற்ற முறையில் பெருப்பது. அதன் ஹையலின் வாஸ்குலர் வகை, ஃபாலிகுலர் டென்ட்ரிட்டிக் செல் சார்கோமாவுக்கு முன்னோடியாகவோ உடனிருப்பாகவோ ஒரு பகுதியினரிடம் காணப்படுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் காசில்மன் என்று அறிக்கை பெற்ற ஒருவருக்கு அதே பகுதியில் மீண்டும் கட்டி எழும்பினால், பழைய தாளைத் தேடி எடுத்துக்கொண்டு போவது வீண் வேலையல்ல. கல்லீரலிலும் மண்ணீரலிலும் பெரும்பாலும் வரும் வேறொரு வகையும் உண்டு. அதில் அழற்சிச் செல்கள் மிகுந்து, புற்றுச் செல்களுக்குள் எப்ஸ்டீன்-பார் வைரஸ் இருக்கும். கழுத்து நெறியில் வரும் வழக்கமான வகைக்கு அந்த வைரஸோடு தொடர்பில்லை. மணவாளக்குறிச்சிப் பக்கத்தில் எந்தப் புற்று வந்தாலும் எழும் கேள்வி, தோரியம் கலந்த கடற்கரை மணல்தான் காரணமா என்பது. இதேபோன்ற மணலுள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ எழுபதாயிரம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஆய்வு, இயற்கைக் கதிர்வீச்சின் அளவு கூடக்கூடப் புற்று கூடுவதாகக் காணவில்லை. இந்தச் சார்கோமாவைப் பொறுத்தவரை, கதிர்வீச்சோ புகையிலையோ காரணம் என்று காட்டும் சான்று எதுவும் இல்லை.

பெயரைச் சரியாகக் கண்டுபிடிப்பதற்கு இவ்வளவு பாடு ஏன் என்றால், பெயருக்கேற்ப சிகிச்சையின் முதல் படியே மாறுகிறது. லிம்போமா என்றால் கீமோதெரபி முதலில் வரும். கட்டியை முழுதாக அறுத்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஃபாலிகுலர் டென்ட்ரிட்டிக் செல் சார்கோமாவில் நிலைமை தலைகீழ். ஓரங்களில் எச்சமின்றி முழுதாக அகற்றும் அறுவையே முதன்மைச் சிகிச்சை. கதிர்வீச்சும் கீமோதெரபியும் அகற்ற முடியாத அல்லது பரவிய நோய்க்குப் பயன்படுத்தப்படுகின்றன என்றாலும், இந்நோய்க்கென்று நிலைநாட்டப்பட்ட மருந்துத் திட்டம் கிடையாது. நோய் அரியது என்பதால் பெரிய ஒப்பீட்டு ஆய்வு நடத்த ஆட்கள் சேர்வதில்லை. தவறான பெயரில் ஆறு சுற்றுக் கீமோதெரபி முடித்துவிட்டு, அதற்குள் கட்டி கழுத்தின் பெரிய இரத்தக்குழாய்களைச் சூழ்ந்துகொண்டால், முதலிலேயே எளிதாக முடிந்திருக்கக்கூடிய அறுவை கடினமாகிவிடும்.

இம்மாவட்டத்தில் இத்தகைய நோயாளியின் பாதை அநேகமாக ஓர் ஊரில் முடிவதில்லை. நாகர்கோவிலிலோ, ஆசாரிப்பள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, நெய்யூரிலோ தொடங்கி, சுமார் எழுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போவார்கள். சிலர் வேலூருக்கும் அடையாற்றுக்கும் போவார்கள். போகும்போது ஸ்கேன் படங்களைப் பெரிய உறையில் பத்திரமாக எடுத்துச் செல்லும் குடும்பங்கள், பிளாக்கை மறந்துவிடுகின்றன. தாளில் எழுதிய அறிக்கையை வைத்து இன்னொரு நோய்க்கூறியல் மருத்துவர் எதையும் சரிபார்க்க முடியாது. ஏற்கெனவே சாயமிட்ட சிலைடில் புதிய சாயங்களைப் போட்டுப் பார்ப்பதும் எளிதல்ல. பிளாக் இருந்தால் அதிலிருந்து புதிய சீவல்கள் எடுத்து எந்தச் சாயத்தையும் போடலாம். முதலில் பயாப்ஸி செய்த ஆய்வகத்தில் கையெழுத்திட்டுக் கேட்டால் பிளாக்கைத் தருவார்கள். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அறிக்கையின் மேற்பகுதியில் இருக்கும் பயாப்ஸி எண்ணே அந்தப் பிளாக்கின் முகவரி என்பதால் அதைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்வது உதவும்.

பிளாக்கின் தேவை முதல் சிகிச்சையோடு முடிவதில்லை. முழுதாக அகற்றிய பிறகும் கணிசமானவர்களுக்கு இந்நோய் அதே இடத்தில் திரும்ப வருகிறது. சுமார் நாலில் ஒருவருக்கு நுரையீரல், கல்லீரல் போன்ற இடங்களுக்குப் பரவுகிறது. அது சில ஆண்டுகள் கழித்தும் நடக்கலாம். அதனால் மூன்று நான்கு ஆண்டு நலமாக இருந்தவரையும் கழுத்தைத் தடவிப் பார்ப்பதற்கும் ஸ்கேனுக்கும் தொடர்ந்து வரச் சொல்வார்கள். இடையில் நெஞ்சில் ஒரு புள்ளி தெரிந்தால், அது பழைய நோய்தானா, காசநோயா, வேறு புதிய புற்றா என்ற கேள்வி மறுபடியும் முதலிலிருந்து எழும். அப்போது அந்தப் புள்ளியிலிருந்து எடுத்த திசுவை, ஆண்டுகளுக்கு முன் மெழுகில் புதைத்த கழுத்து நெறியின் சீவலோடு அருகருகே வைத்து, அதே சி.டி. 21, 23, 35 சாயங்களைப் போட்டுப் பார்த்தே விடை சொல்ல முடியும்.